நாடக மேடையும் மாமன்றமும்: அறிஞர் அண்ணாவின் மொழிப்பணி – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மொழிக்காகப் போராடிய தலைவர்களின் வரலாறு பெரும்பாலும் மாநாடு, மறியல், சிறை, சட்டம் என்னும் வரிசையிலேயே எழுதப்படுகிறது. அவர்கள் மொழியை எவ்வாறு கையாண்டனர், எந்த வடிவத்தில் பயின்று பழகினர், அப்பழக்கம் பின்னர் அவர்கள் இயற்றிய சட்டங்களிலும் தீர்மானங்களிலும் எவ்வாறு வெளிப்பட்டது என்பன மொழியியலார் கேட்க வேண்டிய வினாக்கள். நாடக ஆசிரியர், அரசியல் தலைவர், தாய்மொழிக் காவலர் ஆகிய மூன்று நிலைகளும் ஒருவரிடமே அமையும்போது இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன.

இத்தகையோர் உலகின் பல பகுதிகளில் தோன்றியுள்ளனர். பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட பொலினீசியாவைச் சேர்ந்த ஹென்றி ஹிரோ (1944–1990) கவிஞராகவும் நாடகக் கலைஞராகவும் அரசியல் இயக்கத்தினராகவும் விளங்கித் தாகித்தி மொழியை மேடையேற்றினார். அம்மொழிக்கெனக் கழகம் 1972இல் அமைக்கப்பட்டது. பிரெஞ்சோடு அதற்கும் ஆட்சிமொழித் தகுதி 1980இல் அறிவிக்கப்பட்டது. சட்டம் வருவதற்கு முன்னரே மேடை அம்மொழியின் பொதுவாழ்வுத் தகுதியை மக்களுக்குக் காட்டத் தொடங்கியிருந்தது. தமிழ்ச் சூழலில் இதனோடு ஒப்பிடத்தக்கவராக முதலில் நினைவுக்கு வருபவர் சி. என். அண்ணாதுரை (1909–1969). இருவர்தம் மொழிகளும் மக்கள்தொகையாலும் எழுத்து மரபாலும் பெரிதும் வேறுபட்டவை. எனினும் ‘மேடை முன், சட்டம் பின்’ என்னும் நிகழ்முறை இரண்டிற்கும் பொதுவானது.

அண்ணாவின் நாடகங்களில் அமைந்த ‘சொல்லை விசாரித்தல்’ என்னும் உத்தியே பின்னர் அவருடைய மொழி அரசியலின் அடிப்படை முறையாகவும் வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அம்முறை தமிழகத்திற்கு எதனை ஈட்டித் தந்தது, எல்லைக்கு அப்பால் எதனைத் தரவில்லை என்பதும் இங்கு ஆராயப்படுகிறது. இதன் பொருட்டு ஆந்திர மாநிலத்து நாகலாபுரம் இக்கட்டுரையின் நோக்குநிலையாகக் கொள்ளப்படுகிறது.

2. நாகலாபுரம்: ஒரு நோக்குநிலை

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் நாகலாபுரம் உள்ளது. கிருஷ்ணதேவராயரின் தாயாராகிய நாகலாவின் பெயரால் அமைந்த ஊர் இது. வேதங்களை மீட்ட மீன் வடிவத் திருமாலுக்குரிய வேதநாராயணர் கோயிலால் புகழ்பெற்றது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்தில் இணைந்தது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வட எல்லையாகக் கூறும் வேங்கடத்திற்கு இவ்வூர் தெற்கே அமைந்துள்ளது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே வாக்கியத்திலும் கலந்து வழங்கும் பகுதி இது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்க்கப்பட்டது. மங்கலங்கிழார், ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாகப் படாஸ்கர் பரிந்துரை வெளிவந்தது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்திற்கு வந்தது. நாகலாபுரத்தை அடுத்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. எல்லைக் கோடு எங்கே வரையப்பட்டாலும் அதன் இருபுறமும் மற்றமொழி பேசுவோர் எஞ்சுவர் என்பதற்கு இப்பகுதி தெளிவான சான்று.

இப்பகுதியின் நாடக மரபும் கருதத்தக்கது. திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதக் கதை உரைத்தலும் இரவில் கூத்து நிகழ்த்தலும் தொண்டை மண்டலத்தின் பொதுவழக்கு. சித்தூர்ப் பகுதியிலும் இம்மரபு வேரூன்றியுள்ளது. அண்ணா பிறந்த காஞ்சிபுரமும் இதே தொண்டை மண்டலத்தைச் சேர்ந்ததே. ஒரே பண்பாட்டு நிலப்பரப்பில் தோன்றிய ஒருவரின் மொழிப்பணி அந்நிலப்பரப்பின் ஒரு பாதியில் அரசாணையாகவும் மறுபாதியில் நினைவாகவும் மட்டும் நிலைபெற்றது ஏன் என்னும் வினா இங்கிருந்து எழுகிறது.

3. வாழ்க்கைச் சுருக்கம்

1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நெசவுத் தொழில் சார்ந்த எளிய குடும்பத்தில் அண்ணா பிறந்தார். பள்ளிக் கல்விக்குப்பின் காஞ்சிபுரம் நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று பொருளியலிலும் அரசியலிலும் உயர்பட்டம் பெற்றார். 1934இல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்புமுனை. ஈரோட்டில் ‘விடுதலை’, ‘குடி அரசு’ இதழ்களில் பணியாற்றினார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய 1938ஆம் ஆண்டின் ஆணையை எதிர்த்துச் சிறை சென்றார். அவ்வாணை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

1942இல் காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். 1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1949 செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. 1957இல் சட்டமன்ற உறுப்பினராகவும் 1962இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். 1967 மார்ச் 6 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்று, 1969 பிப்ரவரி 3 அன்று பதவியில் இருந்தபோதே மறைந்தார். ஆட்சியில் இருந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. அவர் செய்த மொழிப்பணியின் பெரும்பகுதி ஆட்சிக்கு முந்தைய முப்பதாண்டுகளைச் சேர்ந்தது.

4. நாடகங்கள்

4.1 முன்மரபு

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாடலை முதன்மையாகக் கொண்ட தொழில்முறை நாடகத்தை நெறிப்படுத்தினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையை நிறுவி உரைநடை நாடகத்தை வளர்த்தார். பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ (1934) சுயமரியாதைக் கருத்துகளை மேடையேற்றிய முன்னோடி நாடகம். இம்மூன்று போக்குகளின் தொடர்ச்சியாகவே அண்ணாவின் நாடகங்களைக் காண வேண்டும். பாடலின் இடத்தை உரையாடல் முழுமையாகக் கைப்பற்றியது என்பதே அவர் காலத்து மாற்றம்.

‘சந்திரோதயம்’, ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’, ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’, ‘நீதிதேவன் மயக்கம்’ ஆகியன 1940களில் அவர் எழுதிய நாடகங்களுள் குறிப்பிடத்தக்கவை. ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அவரே காகபட்டராக நடித்தார். சிவாஜியாக நடித்த வி. சி. கணேசனுக்கு அவ்வேடத்தின் பெயரே நிலைத்த பெயராயிற்று. ‘ஓர் இரவு’ நாடகத்தைக் கண்ட ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி, அரசியலில் மாற்று முகாமைச் சேர்ந்தவராக இருந்தும், பெர்னார்ட் ஷா, இப்சன் ஆகியோரோடு அண்ணாவை ஒப்பிட்டுப் பாராட்டினார். ‘வேலைக்காரி’ 1949இலும் ‘ஓர் இரவு’ 1951இலும் திரைப்படங்களாயின.

4.2 வழக்கும் வகையும்

தமிழ் இரட்டை வழக்கு மொழி. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் வகுத்த கோட்பாட்டின்படி இத்தகைய மொழிகளில் உயர் வழக்கு எழுத்துக்கும் முறைசார் நிகழ்வுகளுக்கும் உரியது. தாழ் வழக்கு அன்றாட உரையாடலுக்கு உரியது. நாடகம் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் வகை. அது எழுதப்படுகிறது, ஆனால் பேசப்படுவதற்காக எழுதப்படுகிறது. எனவே எந்தப் பாத்திரம் எந்த வழக்கில் பேசுகிறது என்பது ஆசிரியரின் சமூகப் பார்வையைக் காட்டும் அளவுகோலாகிறது.

அக்கால மேடையில் அரசரும் முனிவரும் செந்தமிழில் பேசுவதும், பணியாளரும் நகைச்சுவைப் பாத்திரங்களும் கொச்சையில் பேசுவதும் வழக்கம். அண்ணா உயர் வழக்கைப் பிறப்பாலும் பொருளாலும் ஒடுக்கப்பட்ட பாத்திரங்களின் உரிமையாகவும் ஆக்கினார். கடனால் தந்தையை இழந்த ‘வேலைக்காரி’ நாடகத்தின் ஆனந்தன் காளியை நோக்கி எழுப்பும் கேள்விகள் அடுக்குமொழியில், எழுவாய் பயனிலை பிறழாத எழுத்துத் தமிழில் அமைந்துள்ளன. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பதை ‘வந்துகிட்டிருக்கான்’ என்று கூறுவோர் நிறைந்த அவையில் ஓர் ஏழைப் பாத்திரம் முன்னையதைத் தடையின்றிப் பேசுவது கருத்தளவில் மட்டுமன்றி ஒலியளவிலும் ஒரு சமூகச் செய்தி. உயர் வழக்கு படித்தோரின் தனியுடைமை அன்று என்பதே அச்செய்தி.

இந்நடையின் கூறுகளாக மூன்றினைச் சுட்டலாம். ஒன்று, எதுகை மோனைகளால் பிணைக்கப்பட்ட இணைத் தொடர்கள். இவை எழுத்தறியாதவர் நினைவிலும் எளிதில் தங்குவன. இரண்டு, வினாத் தொடர்களை அடுக்கி விடையைக் கேட்போரிடமே விட்டுவிடும் முறை. மூன்று, ஒரே சொல்லைப் பல பொருளில் திருப்பித் திருப்பி ஆளுதல். இவற்றுள் முதலாவது பிற்காலத்தில் பலரால் பின்பற்றப்பட்டு வெறும் ஒலிநயமாகத் தேய்ந்தது உண்மை. இக்கட்டுரையின் கருத்திற்கு முதன்மையானது மூன்றாவது கூறு. மேடைத்தமிழ் ஒரு தனி அழகியலாக வளர்ந்ததைப் பெர்னார்ட் பேட் 2009இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வழகியலின் பயிற்சிக்களம் நாடகமும் ஆகும் என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும்.

4.3 சொல்லை விசாரித்தல்

1943இல் கம்பராமாயணம் குறித்து ரா. பி. சேதுப்பிள்ளையுடனும் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் அண்ணா நிகழ்த்திய சொற்போர்கள் பின்னர் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாயின. அந்த விவாதம் நாடக வடிவம் பெற்றதே ‘நீதிதேவன் மயக்கம்’ எனலாம். அறமன்றத்தில் இராவணன் மறுவிசாரணை கோருகிறான். கம்பரும் மன்றத்தில் நிற்கிறார். இராவணன் மீதான குற்றச்சாட்டு ‘இரக்கம் இல்லாதவன்’ என்பது.

இந்நாடகத்தின் மையம் செயல் அன்று, சொல். ‘இரக்கம்’ என்பதன் பொருள் எல்லை யாது? கடமையின் பெயரால் இரக்கத்தை விலக்கியவர் அனைவரும் அரக்கரா? புராணங்களில் போற்றப்படும் முனிவர்களும் மன்னர்களும் இரக்கமின்றி நடந்த நிகழ்ச்சிகளை இராவணன் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். ஒரு சொல்லின் பொருள் ஒருவருக்கு ஒருவகையாகவும் மற்றவருக்கு வேறுவகையாகவும் கொள்ளப்படுமாயின் அது நீதியாகாது என்பதே அவன் வாதம். விடைகூற இயலாமல் நீதிதேவன் மயங்குகிறான்.

இதன் முடிவை ஏற்பதும் மறுப்பதும் இலக்கியத் திறனாய்வாளர் உரிமை. கம்பனை ஒரு சொல்லால் அளக்கலாகாது என்று அன்றே மறுத்தோர் பலர். மொழியியல் நோக்கில் கருதத்தக்கது வாதமுறையே. பொருட்புலத்தின் எல்லையைச் சான்றுகளால் சோதித்தல், ஆள்வோர் தம் வசதிக்கேற்பப் பொருளை விரிக்கவும் சுருக்கவும் செய்வதை வெளிப்படுத்தல், ‘இச்சொல்லுக்கு நீங்கள் கூறும் பொருள்தான் பொருள் என்றால் அதனை எல்லார்க்கும் பொதுவாக ஆளுங்கள்’ என்று கோருதல் ஆகிய மூன்று படிகள் இதில் உள்ளன. இருபதாண்டுகளுக்குள் இதே மூன்று படிகளும் புது தில்லியில் ஆங்கிலத் துணைவினை ஒன்றின் மீது செலுத்தப்பட்டன.

5. மாநிலங்களவையில் ஒரு துணைவினை

அரசமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஒன்றியத்தின் அலுவல்களுக்கு ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் தொடரும் என்று வகுக்கப்பட்டிருந்தது. அக்காலம் 1965இல் முடிவதற்கு முன் இயற்றப்பட்டதே 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு, குறித்த காலத்திற்குப் பின்னும் இந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படுதல் ‘மே’ என்னும் துணைவினையால் கூறப்பட்டது. ‘ஷல்’ என்னும் கட்டாயத் துணைவினை அங்கு இல்லை.

‘மே’ என்பது ‘ஷல்’ என்பதையே குறிக்கும் என்று பிரதமர் நேரு விளக்கமளித்தார். இந்தி பேசாத மாநிலங்களின் உறுப்பினர்கள் இதனை ஏற்கவில்லை. ‘மே’ என்பதில் ‘மே நாட்’ என்பதும் அடங்கியிருக்கிறது என்பது அவர்கள் அச்சம். மாநிலங்களவையில் எழுந்த எதிர்ப்பின் முன்னணியில் அண்ணா நின்றார். இரண்டும் ஒன்றே என்றால் ஐயத்திற்கு இடமில்லாத சொல்லையே சட்டத்தில் எழுதுவதற்குத் தடை யாது என்பதே அவ்வாதத்தின் சாரம். ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தின் மூன்றாம் படி இதுவே.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விடம் தனிக்கவனம் உரியது. ‘மே’ என்பதற்குத் தமிழில் ‘-லாம்’ ஈறு பெரும்பாலும் இணையாகக் கொள்ளப்படுகிறது. ‘பயன்படுத்தலாம்’ என்பது இசைவையும் இயலுமையையும் பரிந்துரையையும் ஒருங்கே குறிக்கும். ‘ஷல்’ என்பதற்குப் பழைய ஆவணத் தமிழ் ‘கடவது’ என்பதையும், இக்காலச் சட்டத்தமிழ் ‘-தல் வேண்டும்’ என்பதையும் ஆள்கின்றன. ‘வேண்டும்’ கட்டாயத்தையும் விருப்பத்தையும் குறிக்க வல்லது. எனினும் ‘பயன்படுத்துதல் வேண்டும்’ என்னும் தொடர் ‘பயன்படுத்தாமலும் இருக்கலாம்’ என்னும் பொருளுக்கு இடந்தராது. ‘பயன்படுத்தலாம்’ என்பதோ அப்பொருளைத் தடுப்பதில்லை. அண்ணாவின் வாதத்தைத் தமிழில் பெயர்த்தால் அதன் வலிமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. ‘-லாம்’ என்பதும் ‘வேண்டும்’ என்பதும் ஒன்றே என்று எந்தத் தமிழரிடமும் கூற இயலாது.

1963 நவம்பரில் அரசமைப்பின் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்க முனைந்தமைக்காக அண்ணா ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்து உயிர்நீத்தார். 1965 ஜனவரியில் எழுந்த மாணவர் போராட்டம் எக்கட்சியின் கைக்கும் அடங்காததாக வளர்ந்தது. பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார். அவ்வுறுதி சட்டமானது 1967ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்திற்கும் ஒன்றியத்திற்கும் இடையிலான தொடர்புக்கு ஆங்கிலம் என்பது அதில் ‘ஷல்’ எனக் கட்டாயமாயிற்று. அத்தகைய மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்ற அவைகளும் அதனை ஏற்கும்வரை இந்நிலை நீடிக்கும் என்றும் வகுக்கப்பட்டது. ஒரு துணைவினைக்கும் மற்றொரு துணைவினைக்கும் இடையே இத்தனை உயிர்கள் இருந்தன என்பது மொழியியல் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

இதில் ஒரு முரணும் உண்டு. தமிழ் மேடையின் பேராசான் தம் வாழ்வின் மிக முக்கியமான மொழி வாதத்தை ஆங்கிலத்தில், ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி, ஆங்கிலத்தின் தொடர்ச்சிக்காக நிகழ்த்தினார். தமிழுக்கு ஒன்றியத்தின் ஆட்சிமொழித் தகுதி கிட்டாத நிலையில் ஆங்கிலம் காப்பரணாகக் கருதப்பட்டது. அக்காப்பரண் பின்னர்த் தமிழ்வழிக் கல்விக்கே போட்டியாக வளர்ந்ததை அடுத்த பகுதியில் காணலாம்.

6. ஆட்சியில் மொழி

ஹைன்ஸ் கிளாஸ் 1969இல் மொழித் திட்டமிடலைத் தகுதித் திட்டமிடல் என்றும் உள்ளமைப்புத் திட்டமிடல் என்றும் பகுத்தார். அண்ணாவின் ஆட்சியில் இரண்டும் நிகழ்ந்தன. தமிழை மாநில ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே காமராசர் ஆட்சியில் இயற்றப்பட்டுவிட்டது. அண்ணா அதற்குப் பொதுவாழ்வில் கண்கூடான வடிவங்களைத் தந்தார்.

6.1 பெயரும் முத்திரையும்

மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி 1956இல் சங்கரலிங்கனார் 76 நாள்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1961இல் தமிழ் ஆவணங்களில் மட்டும் இப்பெயரை வழங்க அரசு இசைந்தது. 1963இல் மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா கொணர்ந்த பெயர்மாற்ற மசோதாவை ஆதரித்து அண்ணா பேசினார். 1967 ஜூலை 18 அன்று சட்டப் பேரவைத் தீர்மானமும், 1968இல் நாடாளுமன்றச் சட்டமும் நிறைவேறின. 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அவர் மறைந்தது அதன்பின் இருபதாம் நாள்.

இப்பெயரின் ஆங்கில எழுத்துவடிவமும் கருதத்தக்கது. முன்னர் ஆங்கிலத்தில் ‘தமிழ்நாட்’ என ஈற்று உகரமின்றி எழுதும் வழக்கு இருந்தது. ‘நாடு’ என்பதன் ஈற்றிலுள்ளது குற்றியலுகரம். அயலார் செவிக்கு அது மங்கலாகக் கேட்டதில் வியப்பில்லை. புதிய வடிவம் அவ்வுகரத்தை எழுத்தில் நிலைநிறுத்தியது. தமிழ் ஒலியனியலின் நுண்கூறு ஒன்று இந்திய ஒன்றியச் சட்டத்தின் எழுத்தில் இடம்பெற்ற அரிய நிகழ்ச்சி இது.

அரசு முத்திரையில் ‘சத்யமேவ ஜயதே’ என்பது ‘வாய்மையே வெல்லும்’ ஆயிற்று. மொழிபெயர்ப்பாளர் இதனைக் கூர்ந்து நோக்கலாம். ‘ஏவ’ என்னும் வடமொழி இடைச்சொல்லுக்குத் தமிழின் தேற்றேகாரம் நேர் நிகராக அமைந்தது. ‘ஜயதே’ என்னும் நிகழ்கால வினை ‘வெல்லும்’ என்னும் செய்யும் என் முற்றாயிற்று. முக்காலத்திற்கும் பொதுவான உண்மையைக் கூறத் தமிழ் மரபு ஆளும் வடிவம் அதுவே. ‘உண்மை’ என்னும் பரவலான சொல்லை விட்டு, திருக்குறள் தனி அதிகாரம் வகுத்த ‘வாய்மை’ கொள்ளப்பட்டது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், மூலத்தின் இலக்கணக் கூறு ஒவ்வொன்றிற்கும் தமிழின் சொந்த வாயிலைக் கண்ட பெயர்ப்பு இது.

6.2 விளியும் மரியாதையும்

‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’ என்பவற்றின் இடத்தில் ‘திரு’, ‘திருமதி’ என்பன அரசு வழக்காயின. முதலமைச்சராக அவரும் அமைச்சர்களும் ‘உளமார’ என்று கூறி உறுதிமொழி ஏற்றனர். அக்கிராசனர் தலைவராகவும், காரியதரிசி செயலாளராகவும், அபேட்சகர் வேட்பாளராகவும், மந்திரி அமைச்சராகவும் மாறியது தனியொருவர் செயலன்று. மறைமலையடிகள் முதலாக வளர்ந்த தனித்தமிழ் இயக்கம், இதழாளர், தமிழாசிரியர் ஆகியோரின் பல்லாண்டு உழைப்பு அதன் பின்னணி. ஆயினும் கலைச்சொல் பட்டியல்களில் உறங்கும் சொற்கள் வழக்கில் நிலைக்க, அவற்றை ஆயிரக்கணக்கானோர் கேட்கும் மேடை வேண்டும். அம்மேடையை அண்ணாவும் அவர் தம்பியரும் தந்தனர்.

‘அண்ணா’ என்பதே உறவுமுறைச் சொல். ‘திராவிட நாடு’ இதழில் அவர் எழுதிய மடல்கள் ‘தம்பிக்கு’ என்னும் விளியுடன் அமைந்தன. பட்டமும் சாதிப் பெயரும் மரியாதையைத் தாங்கி நின்ற ஒரு பொதுவாழ்வில் மூத்தோன்–இளையோன் என்னும் குடும்ப விளி அரசியல் விளியாயிற்று. அது சாதி வேறுபாட்டைக் கடந்தது. அதே வேளையில் மூப்புநிலையைக் கைவிடவில்லை என்பதையும் குறித்தல் தகும்.

6.3 இருமொழிக் கொள்கை

ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்தோடு நாடாளுமன்றம் மும்மொழித் திட்டத்தை வலியுறுத்தும் தீர்மானத்தையும் ஏற்றது. இதற்கு மறுமொழியாக 1968 ஜனவரி 23 அன்று சட்டப் பேரவை இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றியது. தமிழும் ஆங்கிலமும் மட்டுமே கற்பிக்கப்படும் என்றும், தேசிய மாணவர் படையின் இந்திக் கட்டளைச் சொற்கள் நீக்கப்பட வேண்டும் என்றும் அது கூறியது. அம்மாதத் தொடக்கத்தில்தான் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்து முடிந்திருந்தது.

கல்லூரிகள் அனைத்திலும் ஐந்தாண்டுக்குள் தமிழைப் பயிற்றுமொழியாக்குவது அத்தீர்மானத்தின் மற்றொரு கூறு. அது முழுமையாக நிறைவேறவில்லை. மூன்றாம் மொழி வாராமல் தடுப்பதில் இருமொழிக் கொள்கை பெற்ற வெற்றி, இரண்டு மொழிகளுள் தமிழை முதலாவதாக நிறுத்துவதில் கிட்டவில்லை. தகுதித் திட்டமிடல் வென்றது. பயன்பாட்டுத் திட்டமிடல் பின்தங்கியது. அண்ணாவின் மொழிப்பணியை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

7. எல்லைக்கு அப்பால்

இனி நாகலாபுரத்திற்குத் திரும்பலாம். இருமொழிக் கொள்கையோ பெயர் மாற்றமோ இவ்வூரில் தமிழ் பேசும் குடும்பங்களுக்கு எவ்விதச் சட்ட உரிமையையும் தரவில்லை. மாநில மொழிக்கொள்கை மாநில எல்லையோடு முடிகிறது. தெலுங்கு இங்கு ஆட்சிமொழி, தமிழ் சிறுபான்மை மொழி. இவர்களுக்குப் பொருந்துவது 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழி வழியாகக் கற்பிக்கப் போதிய வசதி செய்வதைப் பற்றியது அது.

அதன் வினையமைப்பை அண்ணாவின் முறையில் விசாரித்துப் பார்ப்போம். அங்கு ‘ஷல்’ உண்டு. ஆனால் அது எதனோடு இயைகிறது? வசதி செய்வதோடு அன்று, வசதி செய்ய முயலுவதோடு. ‘வசதி செய்தல் வேண்டும்’ என்பது வேறு, ‘வசதி செய்ய முயலுதல் வேண்டும்’ என்பது வேறு. முன்னதில் பள்ளி இல்லாமை கடமை தவறுதல். பின்னதிலோ முயன்றோம் என்று கூறினாலே கடமை முடிகிறது. கட்டாயத் துணைவினை இருந்தும் அதன் சுமை முதன்மை வினையில் கரைந்துவிடுகிறது. 1963இல் ‘மே’ என்பதில் கண்ட நெகிழ்ச்சி, இங்கே ‘ஷல்’ என்பதற்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. ஒரு குழந்தை தன் தாய்மொழியை எழுதக் கற்குமா, வீட்டில் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுமா என்பது இந்த நெகிழ்ச்சியைப் பொறுத்தது.

இதனை எல்லையின் ஒருபுறத்துக் குறையாக மட்டும் கூறுதல் நடுநிலை ஆகாது. திருத்தணிப் பகுதியில் தெலுங்கு பேசுவோர் உள்ளனர். தமிழ்நாட்டில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் சட்டத்திற்குப்பின் தெலுங்கு, கன்னடம், உருது முதலிய மொழிச் சிறுபான்மையர் தம் தாய்மொழிப் பாடத்தின் நிலை குறித்து முறையிட்டனர். ‘இச்சொல்லுக்கு நீங்கள் கூறும் பொருளை எல்லார்க்கும் பொதுவாக ஆளுங்கள்’ என்று இராவணன் விடுத்த கோரிக்கை சென்னையை நோக்கியும் ஒலிக்க வேண்டியதே. தாய்மொழி உரிமை என்னும் தொடரின் பொருட்புலம் பெரும்பான்மையருக்கு ஒன்றாகவும் சிறுபான்மையருக்கு வேறாகவும் இருத்தல் அண்ணாவின் வாதமுறைக்கே மாறானது.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அண்ணாவின் நாடகங்கள் உயர் வழக்குத் தமிழை ஒடுக்கப்பட்ட பாத்திரங்களின் வாயில் வைத்து அதன் சமூக உரிமையை விரிவாக்கின. சட்டத்தால் நிகழாத இம்மாற்றம் சட்டத்திற்கு முன்பே மேடையில் நிகழ்ந்தது.

‘நீதிதேவன் மயக்கம்’ காட்டும் சொல் விசாரணை முறையும், 1963இல் ‘மே’, ‘ஷல்’ பற்றி எழுந்த நாடாளுமன்ற வாதமும் அமைப்பில் ஒத்தவை. ஒன்றைக் கற்பனை மன்றத்திலும் மற்றொன்றை நாட்டின் மாமன்றத்திலும் காண்கிறோம்.

பெயர், முத்திரை, விளி ஆகியவற்றில் அவர் ஆட்சி செய்த மாற்றங்கள் மொழிபெயர்ப்பு நுட்பம் வாய்ந்தவை. பயிற்றுமொழியில் அத்தகைய வெற்றி கிட்டவில்லை.

மாநிலச் சட்டத்தால் பெறப்பட்ட மொழியுரிமை எல்லையோரச் சிறுபான்மையருக்குப் பயன்படுவதில்லை. அவர்களுக்குரிய அரசமைப்புப் பிரிவின் வினையமைப்பு இன்னும் விசாரிக்கப்படாமலே உள்ளது.

மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யக்கூடிய பணி இந்த இறுதிக் கூற்றில் அடங்கியுள்ளது. சட்டங்களைத் தமிழாக்குவோர் ‘-லாம்’, ‘வேண்டும்’, ‘முயலுதல் வேண்டும்’ ஆகியவற்றின் வேறுபாட்டை மங்கவிடாமல் பெயர்த்தால், உரிமை எது, வாக்குறுதி எது என்பது படிப்போருக்கு விளங்கும். நாகலாபுரத்தில் கூத்து நடக்கும் இரவில் கேட்கும் தமிழைப் பகலில் பள்ளியில் எழுதக் கற்க விரும்பும் ஒரு குழந்தைக்கு அவ்வேறுபாடு இலக்கண நுட்பம் மட்டும் அன்று.